எதிர்ப்பக்கத்து ஹாஜிரா

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வருவதும் மழை வருவதும் ஒன்றுதான். கையில் விழுந்தால்தான் நிஜம். எண்பத்து நாலில், ஐந்தாம் வகுப்பில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம். அதை நடுவில் விரித்துப் போட்டு, நாலு பக்கமும் பிள்ளைகளை உட்கார வைத்தேன். இசபெல்லா டீச்சரா கொக்கா என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

முழுப்பரீட்சை முடிந்ததும், அந்த வகுப்பு ஹாஜிராவைக் கூட்டிக்கொண்டு அவள் அத்தா ஜமீர் வந்தார். பழைய டின்களை வெட்டிப் புனலும் விளக்கும் செய்து சந்தையில் விற்கிறவர்.

"ஆறாவதுக்கு மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏத்தணுமாமே டீச்சரம்மா. இங்கிலீஷு படிக்கறாள்னா அனுப்பறேனுங்க. இல்லாட்டி வூட்டோட இருக்கட்டும்."

"நல்லாப் படிக்கறாளுங்க" என்றேன். மனுஷன் நம்பினால்தானே! பையிலிருந்து ஒரு தகரத்தை எடுத்தார். மாட்டுப்படம், கீழே இங்கிலீஷ்.

"மருந்துக்கடைக்காரருகிட்ட அர்த்தம் கேட்டு வெச்சிருக்கேன். படிக்கட்டும்."

ஹாஜிரா தகரத்தை வாங்கினாள். சட்டென்று தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.



"அடடே! மாடு ஆகாசத்தப் பாத்துக் கால நீட்டுதுங்களே! இதாங்களா உங்க படிப்பு?" ஜமீருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஹாஜிரா அசரவில்லை. "கீப் இன் எ கூல் டிரை பிளேஸ். குளுந்த எடத்துல, ஈரம் படாம வெக்கணும் அத்தா."

"அல்லாவே, அதேதான்!" என்றவர் தகரத்தை நேராக்கினார். "இப்பப் படி."

திக்கினாள். ஒரு எழுத்துகூட ஓடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷம் முழுக்க இந்தப் பெண்ணின் இடம் புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம். தட்டிக்கொண்ட முதுகில் இப்போது ரெண்டு வைக்கலாம் போலிருந்தது.

"ஒரே வாரத்துல நேராக்கிடறேங்க. படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன். கெஞ்சல்தான்.

ஜமீர் தரையில் உட்கார்ந்து, தகரத்தைத் தன் பக்கம் நேராக வைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்த ஹாஜிரா முதல் எழுத்தில் விரல் வைத்தாள்.

"கே."

"கே" என்றார் ஜமீர். அடுத்ததற்கு விரல் நகர்ந்தது. இரண்டு பேரும் அந்த வரியைக் கடைசிவரை போனார்கள்.

ஜமீர் எழுந்து தகரத்தைப் பைக்குள் வைத்தார்.

"அனுப்பறேனுங்க. நேராவும் சொல்லிக் குடுங்க, வேணாங்கல. ஆனா இத மறக்கடிச்சிடாதீங்க டீச்சரம்மா. எனக்குச் சொல்லிக்குடுக்க இவ இப்படி உக்காந்தாத்தான் தோதா இருக்குது."