பொம்மை நீல அம்பாசிடர்

காது கேட்காத மனிதரோடு குடும்பம் நடத்துவது எப்படியென்று என்னைக் கேளுங்கள். தொண்டைதான் போகும். என் வீட்டுக்காரர் சாமிதுரைக்கு இரண்டு காதும் அடைத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அதற்குமுன் செராமிக் யூனிட்டில் லோடு வேன் ஓட்டினார். அகல் விளக்கையும் பொம்மையையும் வைக்கோலில் சுற்றி ஏற்றிக்கொண்டு சேலம், திருச்சி என்று போவார். ஒன்றுகூட உடையாமல் இறக்கிவிட்டு வருவார். காது போனதும் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் அப்படியே இருப்பார்.

அவரை எழுப்பியது ஒரு ஓட்டை அம்பாசிடர். யூனிட்டில் சூளைக்குப் பின்னால், கோழி முட்டையிடும் நிலையில் கிடந்தது. "எடுத்துட்டுப் போப்பா, எடம் காலியாவும்" என்று ஓனர் சைகை காட்ட, நாலு பேரைக் கூட்டித் தள்ளிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

"பேரீச்சம்பழத்துக்குப் போடுற சாமான வைக்க நம்ம வூட்டு வாசல்தான் கெடச்சிதா?" என்று கத்தினேன். கேட்டால்தானே!

கையில் காசில்லை, கிடைத்ததை வைத்துத்தான் வேலை. துரு தின்ற ஓட்டைகளை அடைக்கக் கடையில் பட்டி வாங்காமல், பொம்மை வார்க்கிற மண்ணைப் பசையில் குழைத்து அப்பினார். பொம்மை சுட்டே பிழைக்கிற இந்த ஊர்க்காரருக்குத்தான் அந்தப் புத்தி வரும். காய்ந்ததும் கதவு வழவழவென்றிருந்தது, நானே தடவித் தடவி மயங்கினேன். மறுநாள் கதவைச் சாத்தினேன் பாருங்கள், அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்ணென்றால் சூளையில் வேக வேண்டாமா? காரைத் தூக்கிச் சூளையில் வைக்க முடியுமா? தரையில் கிடந்த மண்ணைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு காலம்! நான் கூட்டி அள்ளினேன்.

பிறகு தகரம் வெட்டி வைத்து அடைத்தார். நான் யூனிட்டில் பொம்மைக்கு பெயின்ட் அடிக்கிறவள். மிச்சமானதைக் கேட்டு வாங்கி வந்து நானே அடித்தேன். கிருஷ்ணருக்கு அடிக்கிற நீலம். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

வெளியே சரி, எஞ்சின்? கழற்றிப் பூட்டினார். ஸ்டார்ட் ஆனது. ஆனால் இருமியது, திணறியது, நின்றுபோனது. எங்கள் ஊர்ப் பாலக்கரையிலிருந்து மெக்கானிக் மாயவனை வரவழைத்தேன். அவன் ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான்.

"டைமிங் தப்பா இருக்குதுக்கா, தீப்பொறி நேரத்துக்கு விழல. இத காதால கேட்டுக் கேட்டுத்தான் வைக்கணும். நான் வச்சித் தரேன்."

அவன் காதில் வைத்ததைப் பார்த்தே புரிந்துகொண்ட சாமிதுரை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் வைப்பேன்" என்றார். என்னிடம் திரும்பி, "என்னால ஆவலன்னா வண்டிய எடைக்குப் போட்டுடு" என்றார்.

"காது இல்லாம எப்படிக்கா?" என்று கிசுகிசுத்துவிட்டு மாயவன் போய்விட்டான். கார் போனால் போகட்டும், இரும்புதானே. இந்த மனுஷன் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். பானட்டுக்குள் குனிந்து, ஸ்க்ரூடிரைவரை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியை உள்ளங்கையில் அழுத்தி அதிர்வைத் தொட்டுப் பார்த்தார். பிடிபடவில்லை. டைமிங் வைக்க டிஸ்ட்ரிபியூட்டரைத் திருக ஒரு கை வேண்டும், ஸ்பானருக்கு ஒரு கை வேண்டும். மூன்றாவது கைக்கு எங்கே போவார்? பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தார்.

அப்படியே விறைத்து நின்றார். பானட் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன், கண் இரண்டும் பிதுங்கியிருக்கிறது. ஐயோ, கரண்ட் அடித்துவிட்டது! சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினேன்.

"ஏண்டி நிறுத்துன?" என்று கத்தினார். "கேட்டுதுடி! சத்தம் கேட்டுது!"

திரும்பி ஓடி ஏறி மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். மறுபடி கவ்வினார். டிஸ்ட்ரிபியூட்டரை எள்ளளவு திருகினார், எஞ்சின் இருமியது. கொஞ்சம் பின்னால் திருப்பினார். திணறல் குறைந்தது. இன்னும் ஒரு துளி. அடேயப்பா! பாலுண்ட குழந்தை மாதிரி எஞ்சின் சீராக மூச்சுவிட ஆரம்பித்தது. அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

காதுக்குள் நரம்பு நல்லாத்தான் இருக்கிறது, சத்தம் போகிற வழிதான் அடைத்துவிட்டது என்று டாக்டர் எப்போதோ சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தோம். பல்லைத் தொட்டு எலும்புக்குள் புகுந்து போக இன்னொரு வழி இருக்கிறதென்று யார் கண்டது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் பல்லையும் எலும்பையும் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுக்க மனமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ! தெருவில் யார் பார்த்தால் என்ன? நுனியை முந்தானையால் துடைத்து, நான் பல்லில் கடித்தேன். ஆயில் நாறியது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இரும்பு.

"ஏங்க" என்றேன், கடித்தபடியே, மெதுவாக.

மூடிய கண் மூடியபடியே இருந்தது.

"ம்... சொல்லு வாசுகி" என்றார்.