மல்லிகைப்பூ கட்டிய நாலு நாள்

நர்ஸ் தங்கபாய் என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். "தடுமன் புடிச்சாலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உங்க மதினி மூக்கையும் வாயையும் துணியால மூடிக்கிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் குடுக்கட்டும். வீட்ல போய்ச் சொல்லிருவியா?"

தலையை ஆட்டினேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு நடந்து வரும் வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் அம்மா ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். அண்ணன் மனைவி பாண்டீஸ்வரி மதினி தும்மிக்கொண்டே பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். மூன்று மாதப் பிள்ளை. மூக்கு அடைத்து, பாலை விட்டு விட்டுக் குடித்தது. பக்கத்து வீட்டு மாரியாத்தாள் சித்தி சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"தடுமன் பால்ல எறங்கித்தான் பிள்ளைக்குப் போவுது," என்றாள் அம்மா. "நாலு நாளைக்குப் பால் குடுக்காண்டாம். டின் பால் போதும்."

"நெஞ்சு கட்டிக்கிடுமே அத்தை?"

"மல்லியப்பூவ வச்சுக் கட்டுனா கனம் எறங்கிரும். பொறவு பூவ எடுத்தா பால் தன்னால வரும்."

"பால்கோவா ஊர்க்காரிக்குப் பாலுக்கென்ன பஞ்சம்?" என்று சித்தி சிரித்தாள். மதினிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுடைய அப்பா அங்கே ஒரு கடையில் பால்கோவா கிண்டுகிறார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நர்ஸு என்னட்டி சொன்னா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பேசினாள். "உங்கண்ணன் ராம்கிக்கு முன்னால எனக்கு ஒருத்தன் பொறந்தான். இப்பிடித்தான் தடுமனோட பால் குடுத்தேன். ஆறாம் நாள் போயிட்டான். நான் குடுத்த பால்தான்." ஓம முடிச்சைப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்தாள்.

"மாத்திரை தந்தாவ," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

தினமும் காலையில் உதிரிப்பூ வாங்கி வந்தேன். பிரசவத்துக்கு முன் மதினி இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கிருந்து கொண்டுவந்த பழைய ரோலை எடுத்து, பூவை நெஞ்சில் பரப்பி, அம்மா இறுக்கிச் சுற்றினாள்.

"எம்புட்டு ரோல் மடிச்சிருப்பேன், பூரணம்! என்னையே கட்டுவாவன்னு தெரியாமப் போச்சே," என்று மதினி சிரித்தாள். பிள்ளை அழுதபோது சிரிப்பு நின்றுவிட்டது. நான் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் கசாயம் வைத்தேன். நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கக் கொடுத்தேன். சொன்ன வேலையெல்லாம் செய்தேன்.

இரண்டாம் நாள் உள்ளறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். "நெசமாச் சொல்லு. பாலை நிறுத்தணும்னா நர்ஸு சொன்னாவ?" என்று மதினி கேட்டாள். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். நான் எழுந்து போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் மதினிக்குத் தடுமன் விட்டது. அம்மா கட்டை அவிழ்த்தாள். வாடிப் பழுத்த பூக்கள் தரையில் உதிர்ந்தன. மதினி ஆசையோடு பிள்ளையை அணைத்தாள். அது இரண்டு முறை சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. பிழிந்து பார்த்தாள். இரண்டு சொட்டு வந்தது.

பூண்டை வேகவைத்துக் கொடுத்தோம். முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். மூன்று வாரம் ஆயிற்று. அந்த இரண்டு சொட்டும் நின்றுபோனது. பிள்ளைக்குச் சளி விடவில்லை. புட்டிப்பாலில் வயிறும் போனது. அண்ணன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். கன்னம் ஒட்டிப்போய்ப் பிள்ளைக்குக் கண் மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது.

"பால்கோவா ஊர்லருந்து வந்தவளுக்குப் பாலில்லையாம்," என்று மாரியாத்தாள் சித்தி தெருக்குழாயடியில் சொன்னாள். குடத்தோடு நின்ற மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் அவளிடம் சொன்னேன். நர்ஸ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். குரல் நன்றாகவே வந்தது.

மதினி என்னைத் திட்டவில்லை. பிள்ளையின் உச்சந்தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே, பூரணம்."

நான் அழுதேன்.

"அத்தைட்ட சொல்லிராத," என்றாள் பிறகு. "இந்தப் பிள்ளையும் தன்னாலதான் கெட்டுச்சுன்னு தெரிஞ்சா அவிய தாங்கமாட்டாவ."

அம்மா டம்ளரோடு உள்ளே வந்தாள். பூண்டு வாசனை அடித்தது. "குடிச்சிரு தாயி. இன்னைக்குப் பால் எறங்கிரும் பாரு."

மதினி வாங்கிக் கடைசி மடக்கு வரை குடித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு புட்டியைக் கழுவப் போனேன்.