வாங்கு 311

2025 ஜூன் 12, வியாழன். பிழை ஒன்று. கழக ஆண்டு மலரின் பதினான்காம் பக்கத்தைத் திங்கட்கிழமை சரிபார்க்கத் தந்தார்கள். நான் "வாங்கு" என்று எழுதியிருந்ததை நவரட்ணம் அங்கிள் "வாங்கியது" என்று மாற்றியிருந்தார். எனக்குத்தான் தமிழ் பிழைத்துவிட்டதாக்கும் என்று நினைத்து, "சரி" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஆகவே பிழை அவருடையதல்ல. காரணம்: மறுபக்கம்.

மறுபக்கத்தில் காரணம் இல்லை. யசிந்தன் மூன்று தடவை எழுதத் தொடங்கி மூன்று தடவையும் அடிமட்டம் வைத்து நேராகக் கோடிழுத்து வெட்டியிருந்தான்.

அவனுக்கு இருபத்தாறு வயது. ரொறொன்ரோவில் கொங்கிறீற் லொறிகளை எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு அனுப்புவது என்று பார்க்கிற வேலை. முதலாளியும் சாரதிகளில் பாதிப்பேரும் போர்த்துக்கீசர்கள். அவர்கள் லொறி வானொலித் தொடர்பில் திட்டுவது வீதி நெரிசலையா, தன்னையா என்று விளங்காமல் இரண்டு வருடம் அவதிப்பட்டபின், வெக்ஸ்போர்ட்டில் செவ்வாயும் வியாழனும் நடக்கிற போர்த்துக்கீச மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தான். தன்னைத்தான் என்பது நான்காம் வாரத்தில் தெரிந்தது.

வகுப்பு எடுத்தவர் செலீன் என்ற பிரேசில்காரி. தினமும் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதினால்தான் மொழி வரும் என்று அவர் சொன்னார். யசிந்தன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். போர்த்துக்கீசத்தில் ஐந்து வரி வராததால் தமிழில் எழுதி, ஓரத்தில் கோடிட்டுப் புதுச் சொற்களைப் போட்டான். மேசை, கதிரை, யன்னல், அலுமாரி, துவாய், வாங்கு. எல்லாம் வீட்டில் கேட்ட சொற்கள்தான். அம்மா இவ்வளவு காலமும் பாதி போர்த்துக்கீசம் பேசியிருக்கிறார், யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மைதான ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் குந்தியிருக்கும் பலகைக்கு அவர்கள் பாங்கோ என்கிறார்கள். அதைத்தான் நாங்கள் வாங்கு ஆக்கி வைத்திருக்கிறோம்.

செலீனின் தங்கை கணவர் வல்டர்சன், முப்பத்து மூன்று வயது, ஐரோப்பாவில் பன்னிரண்டு வருடம் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர். முழங்கால் போய், ஒப்பந்தம் முடிந்து, செலீனின் வீட்டு நிலவறையில் தங்கியிருந்தார். வந்த விசா ஜூலையில் முடிகிறது. ஏதாவது கழகம் பயிற்றுநர் வேலைக்குக் கடிதம் தந்தால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். தராவிட்டால் ஊருக்குப் போய் மாமனாரின் வாகன ரயர்க் கடையில் நிற்க வேண்டும். மாமனார் இப்போதே அவருக்கு ஒரு மேலங்கி தைத்து வைத்திருக்கிறாராம், நெஞ்சில் பெயரும் போட்டு.

யசிந்தன் இதை வடக்குவாசல் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் குலசிங்கத்திடம் சொன்னான். குலசிங்கம் வீடு விற்கும் முகவர். அஜின்கோர்ட்டில் எந்தப் பேருந்துத் தரிப்பிடத்தில் போய் இருந்தாலும் வாங்கு விளம்பரத்திலுள்ள அவருடைய முகத்தில் முதுகைச் சாய்த்துத்தான் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் விளையாடிய பிரேசில்காரர் என்ற மூன்று சொற்களில் அவர் கண் கலங்கிவிட்டார்.

"பேரென்ன எண்டனீர்?"

"வல்டர்சன், அண்ணை."

"பாத்தீரோ. நிதுசன், ஜதுர்சன், வல்டர்சன். எங்கட பிள்ளையின்ர பேர் மாதிரியெல்லோ கிடக்கு."

நிதுசன் குலசிங்கத்தின் மகன். கழக அணியில் ஒன்பதாம் இலக்கம். ஆண்டு மலருக்கு வல்டர்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு யசிந்தனின் தலையில் விழுந்தது. ஜூன் பதினான்காம் தேதிக் கூட்டத்தில் மலரைப் பார்த்துவிட்டுப் பயிற்றுநர் நியமனத்தை முடிவு செய்வார்கள்.

யசிந்தன் நிலவறைக்குப் போய் இரண்டு மாலை கேட்டு எழுதினான். சுருக்கம் இதுதான்: வல்டர்சன் கோல்காப்பாளர், ஆனால் இரண்டாவது கோல்காப்பாளர். முன்வரிசைக்காரன் களைத்தால் மாற்றுவார்கள். கோல்காப்பாளன் களைப்பதில்லை. அவனுக்குக் கை முறிந்தால்தான் மற்றவனுக்கு வாழ்வு; வல்டர்சன் போன இடமெல்லாம் முதலாவது ஆள் இரும்பில் வார்த்தவனாக இருந்தான். பெல்ஜியத்தில் ஒருவனுக்கு ஒருமுறை கடும் காய்ச்சல் வந்தது. வல்டர்சன் கையுறை மாட்டி, உடம்பைச் சூடாக்கி, ஊருக்குத் தொலைபேசியும் எடுத்துச் சொல்லிவிட்டார். அரை மணித்தியாலத்தில் பனி கொட்டி ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

வசனமாக எழுத யசிந்தனுக்குத் துணிவு வரவில்லை. தன் தமிழைப் பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. கோடுபோட்டு அட்டவணையாகக் கொடுத்தான். போர்த்துக்கல்: வாங்கு 68, ஆட்டம் 1. பெல்ஜியம்: வாங்கு 102, ஆட்டம் இல்லை. சைப்பிரஸ்: வாங்கு 57, ஆட்டம் 2. ருமேனியா: வாங்கு 84, ஆட்டம் 1. மொத்தம்: வாங்கு 311, ஆட்டம் 4.

அந்த அட்டவணை செயலாளர் நவரட்ணத்தின் கைக்குப் போனது. அலங்காரம் இல்லாமல் ஒரு வசனத்தை முடிப்பது மரியாதைக்குறைவு என்று நினைப்பவர் அவர். யசிந்தன் கையெழுத்து வைத்தபிறகும் அவர் மெருகேற்றினார்; அச்சில் வந்தது இப்படி இருந்தது:

"போர்த்துக்கல் இவ்வீரத் திருமகனை அறுபத்தெட்டு இலட்சம் யூரோவுக்கு வாங்கியது. அதைக் கண்டு பொறாத பெல்ஜியம் நூற்றிரண்டு இலட்சத்தைக் கொட்டி வாங்கியது. சைப்பிரஸ் வாங்கியது. ருமேனியா வாங்கியது. முந்நூற்றுப் பதினொரு இலட்சம் யூரோ பெறுமதியான இக்கரங்கள் இன்று வடக்குவாசலின் கரங்கள்."

வெள்ளிக்கிழமை மதியம் யசிந்தன் லொறித் தரிப்பிடத்தில் நின்று நவரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அங்கிள், பதினாலாம் பக்கத்தில ஒரு பிழை."

"அச்சடிச்சு நாலு பெட்டியும் என்ர கராஜில கிடக்கு தம்பி. நீர்தானே சரியெண்டு கையெழுத்து வைச்சனீர்?"

"ஓம் அங்கிள். அது நான் விட்ட பிழை. வாங்கு எண்டது வாங்கினதில்லை. இருக்கிற வாங்கு."

"எந்த வாங்கு?"

"பள்ளிக்கூடத்து வாங்கு மாதிரி. கிறவுண்டுக்கு வெளியில மாற்று ஆக்கள் இருக்கிறது."

தொலைபேசிக்குள் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"முன்னூத்திப் பதினொரு தரமோ இருந்தவர்?"

"ஓம்."

"அப்ப இலட்சம்?"

"இலட்சம் நீங்கள் போட்டது."

"போடாமல்? வெறும் அறுபத்தெட்டு யூரோவுக்கு ஆரும் ஒரு மனுசனை வாங்குவாங்களோ? உம்மைக் காப்பாத்தத்தான் போட்டனான்." நவரட்ணம் குரலைத் தணித்தார். "நாளைக்கு வாயைத் திறவாதையும். ஆளைக் கோச்சாப் போட்டாப்பிறகு ஆறுதலாப் பாப்பம்."

யசிந்தன் அன்று மாலை நாட்குறிப்பில் இரண்டு பத்தி போட்டான். சொன்னால்: வல்டர்சன் ரயர்க் கடைக்கு. சொல்லாவிட்டால்: வல்டர்சன் ஒரு பொய்யின்மேல், அந்தப் பொய் என் கையெழுத்தின்மேல். இரண்டு பத்தியும் ஒரே நீளத்தில் வந்தன. அது அவனுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அஜின்கோர்ட்டில் றமேஸின் சாப்பாட்டுக்கடைக்குள் கூட்டம். றமேஸ் கழகத்தின் பொருளாளர். ரோல்ஸும் பிளேன்ரீயும் அவருடைய உபயம். நிர்வாகசபையில் ஏழு பேர். மேசையில் மலர்கள் அடுக்கியிருந்தன. ஏழு பேரும் ஏற்கெனவே பதினான்காம் பக்கத்தை விரித்து வைத்திருந்தார்கள்.

வல்டர்சன் இரவல் கோட்டுடன் கதவைத் திறந்து உள்ளே வந்தார். பின்னால் யசிந்தன். குலசிங்கம் எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, வாய் நிறைய வரவேற்றார்.

"வாங்கோ, வாங்கோ, வாங்கோ."

வல்டர்சனின் சிரிப்பு இறங்கிவிட்டது. பொதிச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் இருப்பதற்கென்று சுவரோரம் ஒரு மரவாங்கு கிடந்தது. நேரே அதில் போய், முழங்கால்களைச் சேர்த்து, கைகளை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார். அந்த இருப்பில் பன்னிரண்டு வருடத் தேர்ச்சி தெரிந்தது.

"என்ன தம்பி, ஆள் அங்க போயிருக்குது? கதிரை இஞ்ச கிடக்கெல்லோ," என்றார் குலசிங்கம்.

வல்டர்சன் யசிந்தனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் தன் மொழியில் கேட்டார். "இங்கேயும் வாசலிலேயே பாங்கோதானா? ஒரு கேள்வியாவது கேட்பார்கள் என்று நினைத்தேன்."

யசிந்தனுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியவுடன் காதுகள் சூடாகின. நவரட்ணம் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று.

"அண்ணை," என்றான் யசிந்தன், "நீங்கள் வாங்கோ எண்டியள். அவையின்ர பாசையில அது வாங்கு. அவரைப் போய் வாங்கில இருக்கச் சொன்னதெண்டு நினைச்சிட்டார்."

"நான் ஏன் அவரை வாங்கில இருக்கச் சொல்லப்போறன்?"

"எல்லாரும் சொன்னவை அண்ணை. பன்னிரண்டு வருசமாச் சொன்னவை." அவன் சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்து விரித்தான். "முன்னூத்திப் பதினொரு ஆட்டம் வாங்கில இருந்தவர். ஆரும் அவரை இலட்சம் குடுத்து வாங்கேல்லை. மலரில வந்தது பிழை. சரியெண்டு கையெழுத்து வைச்சது நான்."

றமேஸ் பிளேன்ரீ ஊற்றுவதை நிறுத்தினார்.

"அப்ப உள்ளுக்கு இறங்கினது?" என்று றமேஸ் கேட்டார்.

"நாலு ஆட்டம். ஒண்டில பெனால்ரி பிடிச்சவர்." அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "ஒண்டில அஞ்சு கோல் விட்டவர்."

குலசிங்கம் மலரை மூடினார். "விளையாடாத ஆளைக் கோச்சாப் போட்டால் சனம் சிரிக்கும். நான் பள்ளிக்கூடத்து முதல் பதினொண்டில விளையாடினனான். எனக்கெண்டு ஒரு பேர் இருக்கு."

அது உண்மையாக இருக்கலாம். அந்த வருடத்து முதல் பதினொருவரில் ரொறொன்ரோவில் மட்டும் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள்.

"நீங்களும் வாங்கிலதானே அண்ணை இருக்கிறியள்," என்றார் றமேஸ். "அஜின்கோர்ட் முழுக்க. படத்தோட."

இரண்டு பேர் ரோல்ஸை வாயில் வைத்துக்கொண்டு இருமினார்கள்.

"பகிடியை விடும் றமேஸ்." குலசிங்கம் யசிந்தன் பக்கம் திரும்பினார். "சரி. முன்னூறு ஆட்டம் பாத்தவரெண்டால் கேளும். போன ஞாயிறு எங்கட ஆட்டத்தையும் வந்து பாத்தவர்தானே. எங்கட ரீமில என்ன பிழை? ஒண்டு சொல்லச் சொல்லும். சொன்னாப்பிறகு ரீ குடிச்சிட்டுப் போகட்டும்."

யசிந்தன் கேட்டான். இவ்வளவு நேரமும் சுவரோரம் இருந்த வல்டர்சன் எழுந்துவந்தார். மேசையில் பிளேன்ரீக் கோப்பைகளை நகர்த்தி ஆட்களாக வைத்தார். ஒரு கோப்பையை மட்டும் முன்னால் தள்ளி, சீனிக்கட்டி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். பின்னால் இருந்த எந்தக் கோப்பைக்கும் அந்தச் சீனி போகவேயில்லை. பிறகு இரண்டே வசனம் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் குலசிங்கம்.

யசிந்தன் நவரட்ணத்தைப் பார்த்தான். இதை மென்மையாக்கிச் சொல்லலாம். முன்வரிசையில் ஒருங்கிணைப்புக் குறைவு என்று சொல்லலாம். நவரட்ணம் அங்கிள் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு கிழமைக்கு அவன் விட்ட பிழை போதும்.

"ஒன்பதாம் இலக்கம் பந்தை ஒருத்தருக்கும் குடுக்கிறதில்லையாம். அவரைக் கொண்டுபோய் வாங்கில இருத்தினால் மற்றப் பத்துப்பேரும் விளையாடுவினமாம்."

ஒன்பதாம் இலக்கம் யார் என்று அந்த மேசையில் தெரியாத ஆள் இல்லை. குலசிங்கத்தின் கழுத்து சிவந்தது. மற்றவர்களின் முகங்களில் வேறொரு மாற்றம் நடந்தது. றமேஸின் மகன் இரண்டு வருடமாக வாங்கில் இருக்கிறான். நவரட்ணத்தின் மருமகன் சப்பாத்து அழுக்காகாமல் வீட்டுக்கு வருகிறான். வேறு மூன்று பேருக்கும் வெளியில் இருக்கிற பிள்ளைகள் உண்டு.

"என்ன ஒரு அறிவான மனுசன்," என்றார் நவரட்ணம்.

"நான் அப்பவே நினைச்சனான்," என்றார் றமேஸ். "விளையாடுறவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும். வெளியில இருக்கிறவனுக்குத்தான் விளையாட்டுத் தெரியும். கையை உயர்த்துங்கோ பாப்பம்."

ஐந்து கைகள் உயர்ந்தன. ஆறாவது கை குலசிங்கத்தின் மச்சானுடையது. அது பாதியில் நின்று, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

குலசிங்கம் கணக்கைப் பார்த்தார். முகவருக்கு எந்த இடத்தில் இறங்கிப்போக வேண்டும் என்பது தெரியும். "சபை முடிவு, நான் குறுக்க நிக்கேல்லை," என்றார். "ஆனால் கழக யாப்பின்படி தலைமைக் கோச்சை நியமிக்கிறது தலைவர். தலைமைக் கோச் நான். அவர் உதவிக் கோச்."

"உதவிக் கோச் எங்க அண்ணை நிக்கிறது?" என்று மச்சான் அப்பாவியாகக் கேட்டார்.

"நிக்கிறதில்லை. வாங்கில இருக்கிறது."

யசிந்தன் வெட்கத்துடன் மொழிபெயர்த்தான். வல்டர்சன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடிதம் தருவார்களா?"

யசிந்தன் தலைவரிடம் கேட்டுவிட்டுச் சொன்னான். "ஓமாம். திங்கட்கிழமை."

"அப்படியென்றால் சரி. அந்த வேலை எனக்குத் தெரியும்." அவர் முன்னால் தள்ளிவைத்த கோப்பையை எடுத்து, சீனிக்கட்டியை அதற்குள் போட்டுக் கலக்கினார். "அந்த ஒன்பதாம் இலக்கப் பையனுக்கு என் பக்கத்தில் இடம் விடுகிறேன் என்று சொல். குளிருக்கு ஒரு போர்வையும் கொண்டுவரச் சொல்."

"என்னவாம் சொல்லுறார்?" என்றார் குலசிங்கம்.

"ரீ நல்லாயிருக்காம் அண்ணை," என்றான் யசிந்தன்.

வீட்டுக்கு வந்து அவன் எழுதினான்:

2025 ஜூன் 14, சனி. நியமனம் கிடைத்தது. 5 பேர் ஆதரவு, தலைவர் நடுநிலை, ஒருவர் தலை சொறிந்தார். ஒரு மொழிபெயர்ப்பு வேண்டுமென்றே பிழையாகச் செய்தேன்.

நாளை, ஞாயிறு: வல்டர்சனுக்கான கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தலைவரின் கையெழுத்துக்கு அனுப்புதல். பதவி: உதவிப் பயிற்றுநர். பிறகு 11 மணிக்கு ஸ்ரௌவ்வில் நகரத்தில், நவரட்ணம் அங்கிள் வீட்டுக் கராஜ். நாலு பெட்டி, 400 மலர். பதினான்காம் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும். பசை நான் கொண்டுபோக வேண்டும்.