தாள் சாயாத காடு

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இன்றைக்கு ஒருத்தி பழி தீர்த்த கதை. கத்தி இல்லை, விஷம் இல்லை. யூரியாவும் கிணற்றுத் தண்ணீரும்தான்.

தி.நகரில் அய்யாதுரை அண்ணாச்சிக்கு வெங்காய மண்டி. ஆலங்குளம் பக்கத்தில் பல்லாரி, அதாவது நம் பெரிய வெங்காயம், காட்டில் பயிராக நிற்கும்போதே மொத்தமாக விலை பேசிவிடுவார். பேசிய பிறகு கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அவருக்கு லாபம். அதனால் லாரி வரும்வரை யூரியா போடு, தண்ணீர் விடு என்று போனில் விரட்டுவார்.

போன வருஷம் அவர் விலை பேசிய காட்டுக்காரன் சுப்புராயன் சொல்லிப் பார்த்தான். நட்டு நாற்பத்தைந்து நாளுக்கு மேல் யூரியா போட்டால் வெங்காயத்தின் கழுத்து தடித்துப்போகும், காயாது. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை நிறுத்தாவிட்டால் மூட்டையிலேயே அழுகும் என்றான். அண்ணாச்சி கேட்கவில்லை. அழுகியது. அவனை மண்டிக்கு வரவழைத்து, வியாபாரிகள் அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்து, "நனைஞ்ச சரக்க ஏத்தி ஏமாத்திட்டேன்னு சொல்லுலே" என்றார். விட்டால் போதும் என்று அவனும் சொல்லிவிட்டான். ஊருக்குப் போனவன் பிறகு காட்டுப் பக்கம் போகவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அவன் பெண்டாட்டி பொன்மணி அன்றைக்கே முடிவு செய்தாள். பொய் சொல்ல வைத்த அந்த வாயே உண்மையைச் சொல்ல வேண்டும். அதைப் புருஷன் காது கேட்க வேண்டும்.

இந்த வருஷம் அவளே இரண்டு ஏக்கர் நட்டாள். நாற்பத்தைந்தாம் நாள் பஸ் ஏறி மண்டிக்கு வந்து ஓர் ஏக்கருக்கு விலை பேசினாள். மயிலாப்பூர் பிரியாணி மாஸ்டர் ஷாஹுல் ஹமீது பாயும் அங்கே இருந்தார். அண்ணாச்சி மகள் தாரணியின் மறுவீட்டு விருந்துக்கு அவர்தான் சமையல்.

"அண்ணாச்சி, யூரியாவ நிறுத்திரட்டுமா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏன், ஒம் புருசன் ஓதி அனுப்புனானா? லாரி வர்ற வரைக்கும் போடு. தண்ணியும் நிக்கக் கூடாது."

"நீங்க சொல்லுதபடியே செய்யுதேன். பாய், நீங்களும் கேட்டுக்கிடுங்க."

"இன்னா அண்ணாச்சி, சாட்சிக்கு என்னையும் இழுக்குது இந்தம்மா" என்று பாய் சிரித்தார்.

ஓர் ஏக்கருக்கு அண்ணாச்சி சொன்னபடி. இன்னோர் ஏக்கருக்குப் புருஷன் சொன்னபடி. அறுப்பு நெருங்கியதும் போனில் இரண்டு படங்களோடு மறுபடி வந்து நின்றாள். ஒன்றில் வெங்காயத் தாள் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது. மற்றதில் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது.

"ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

"இது என்னட்டி, செத்த காடா? பச்சைய எனக்கு ஏத்து. பொணத்த நீயே வச்சுக்கோ."

தாள் சாய்ந்தால்தான் வெங்காயம் முற்றியது என்று அர்த்தம். பொன்மணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கண்ணுகளா. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சாய்ந்த காட்டு வெங்காயத்தை நிழலில் உலர்த்திப் பாய்க்கு விற்றாள்.

அண்ணாச்சி தன் சரக்கை ராஜா அண்ணாமலைபுரம் கிடங்கில் மூன்று வாரம் அடுக்கி வைத்திருந்தார். விருந்தன்று காலை எட்டு மணிக்கு அடையாறு மண்டபத்தில் அந்தச் சாக்கைப் பிரித்தார்கள். மேலே பளபளப்பு, அறுத்தால் உள்ளே சளி. உரிக்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். பன்னிரண்டு மணிக்குச் சம்பந்தி வீட்டார் பந்தி.

பாயின் வேனிலிருந்து பொன்மணி இறங்கினாள். அண்ணாச்சி சம்பந்தி முன்னாலேயே பாய்ந்தார்.

"புருசன மாதிரியே நீயும் ஏமாத்திட்டியேட்டி."

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, லாரி வர்ற வரைக்கும் யூரியா, தண்ணின்னு நீங்கதான் சொன்னீங்க. நா பக்கத்துல கேட்டுக்கினு இருந்தேன். நல்ல வெங்காயம் வேன்ல கீது. வெளைய வச்சது இந்தம்மா. அது சொன்னாத்தான் மூட்ட எறங்கும்."

பொன்மணி ஊருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை வைத்து நீட்டினாள். "எங்க வீட்டுக்காரர் கேக்குதாரு. நடந்ததச் சொல்லுங்க."

அண்ணாச்சி சம்பந்தியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போன வருசம் உரமும் தண்ணியும் நான் சொன்னதுதான். சுப்புராயன் மேல தப்பில்ல."

போனில் சுப்புராயன் செருமினான்.

"சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

அண்ணாச்சி சொன்னார். இந்தத் தடவை அடுப்புப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது.

"எறக்குங்க, பாய்" என்றாள் பொன்மணி. விருந்துக்கு இருக்கச் சொன்னார்கள், இருக்கவில்லை. இப்போதெல்லாம் காட்டுக்காரர்கள் மண்டிக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, தண்ணிய நிறுத்தவா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்களாம்.

என் செல்லங்களா, செய்யாத தப்பை உங்கள் வீட்டில் யாரும் தலையில் சுமக்க வேண்டாம். சுமக்க நேர்ந்தால், அதை இறக்கி வைக்க ஒருத்தி உங்கள் வாசலுக்குள்ளேயே இருக்கட்டும். உலை கொதிக்கட்டும், பிள்ளைகள் வயிறு நிறையட்டும், நீங்கள் எல்லோரும் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும்.