மீனின் வாய்க்குள் ஒரு பக்கிள்

கருணாகரன் முதல் தடவை புஷ்ராவின் பட்டறைக்கு வந்தபோது எடுத்த எடுப்பிலேயே, ஒரு ஆளைப் பறக்கவைக்க வேண்டும் என்றார்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது அந்தப் பட்டறை. உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பவர்களும் கண்ணாடி துடைப்பவர்களும் மாட்டிக்கொள்ளும் பெல்ட்டுகளை அங்கே தைத்தார்கள். தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு ஒவ்வொன்று, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க இரும்புப் பக்கிள்கள். தொங்குகிறவன் பயமில்லாமல் வேலை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர புஷ்ரா அதுவரை வேறொன்றும் யோசித்ததில்லை. தொங்குகிறவனைப் பார்த்து ஐந்நூறு பிள்ளைகள் வாயைப் பிளக்க வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டதும், கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

கருணாகரனுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு சிறுவர் நாடகம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இந்த வருஷத்து நாடகத்தை அவரே எழுதியிருந்தார். மழை பெய்யாத ஊரிலிருந்து ஒரு மீனவன் ஆகாயத்துக்குப் பறந்துபோய், மேகங்களை வலைவீசிப் பிடித்து வருகிறான். வழியில் ஒரு ராட்சத மீன் அவனை விழுங்கிவிடுகிறது. அவன் அதன் வாய்க்குள் போன வேகத்திலேயே வெளியே பறந்து வந்துவிடுகிறான். இதையெல்லாம் அவர் பட்டறைக்குள்ளேயே கையை விரித்து நடித்துக் காட்டியதில், மேல்தட்டில் இருந்த நூல்கண்டு இரண்டு உருண்டு விழுந்தன.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மீனவன் தரையில் நடக்கும் காட்சி முடிந்து ஒரு பாட்டு வரும். அது முடிவதற்குள், திரைக்குப் பக்கத்து இருட்டில், அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பறக்கத் தயாராகிவிட வேண்டும். துளையில் ஊசியைக் கோக்கிற பக்கிள் இருட்டில் உதவாது. பள்ளிக்கூடப் பைகளில் வருகிற பிளாஸ்டிக் ‘கிளிக்’ நொடியில் மாட்டும். ஆனால் ஒரு உயிரை அதில் தொங்கவிட புஷ்ராவுக்கு மனசு வரவில்லை. லாரிச் சுமையைக் கட்டுகிறார்களே, நெம்புகோலை ஆட்ட ஆட்டப் பல்சக்கரம் இறுக்கிக்கொண்டே போகும் பட்டை, அதையும் வாங்கிப் பார்த்தாள். பிடி என்றால் அப்படியொரு பிடி. ஆனால் சட்டைக்குள் செங்கல்லை ஒளித்த மாதிரித் துருத்தியது. போதாக்குறைக்குக் கடகடவென்று சத்தம்.

கடைசியில் அவள் மனசுக்குப் பிடித்தது இரட்டைத் தகட்டுப் பக்கிள். சின்னத் தகட்டைச் சாய்த்துப் பெரிய தகட்டின் நடுவே நுழைத்து நிமிர்த்தினால் உட்கார்ந்துகொள்ளும். பட்டையின் வாலைப் பிடித்து ஒரே இழுப்பு, உடம்போடு ஒட்டிவிடும். கண்ணை மூடிக்கொண்டே மாட்டிப் பழகினாள். மேலே உத்தரத்தில் அரிசி மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தாள். மூட்டை அசைந்ததே ஒழிய, பக்கிள் அசையவில்லை. அவளுக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

இதில் ஒட்டாமல் நின்றவள் அவளுடைய அம்மா அஃப்சருன்னிசா மட்டும்தான். வீட்டு வேலை, பட்டறை வேலை இரண்டையும் மேற்பார்வை பார்ப்பவள். வயசுப் பையனை ஆகாயத்தில் தொங்கவிட்டு வேடிக்கை காட்டுவது ஒரு பிழைப்பா என்று உருதுவில் முணுமுணுத்தாள். ஆனாலும் நாடகத்தன்று காலையிலேயே தனக்கு எந்த வரிசையில் இடம் என்று விசாரித்துவிட்டாள்.

அன்று காலைதான் இடி விழுந்தது. மீனவனாக நடிக்கவிருந்த அஸ்வினுக்குக் கடும் காய்ச்சல். எழுந்து உட்காரவே முடியவில்லை. வசனம் முழுக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அதை எழுதியவர்தான். ராஜா அண்ணாமலைபுரத்து அரங்கிலிருந்து கருணாகரன் போன் செய்தார்.

“நான் பறக்கறேன் புஷ்ரா. உன் பெல்ட் என்னைத் தாங்குமா?”

பெல்ட் தாங்கும். ஆனால் சுற்றி வராது. அஸ்வின் ஒல்லி. கருணாகரனின் தொடைக்கு அந்தப் பட்டையைக் கடைசிவரை விட்டாலும் பக்கிள் எட்டாது. புஷ்ரா மெஷினில் உட்கார்ந்து இரண்டு தொடைப் பட்டைகளையும் பிரித்துவிட்டுப் புதிதாக நீளமாகத் தைத்தாள். பழைய சுருள் தீர்ந்துவிட்டிருந்ததால் அன்றைக்கு முன்தினம் வந்திறங்கிய புதுச் சுருளிலிருந்து வெட்டினாள். உறுதியான பட்டைதான், ஆனால் பழையதைவிடக் கொஞ்சம் மெல்லிசு, கொஞ்சம் வழவழப்பு. அரங்கத்துக்கு ஓடிப்போய்க் கருணாகரனுக்கு மாட்டி, தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். பக்கிள் பிடித்தது. அவர் அந்தரத்தில் நின்றபடி எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

கயிறு இழுக்கும் பொறுப்பு தங்கவேலுடையது. சாந்தோம் குப்பத்துக்காரர், கடலில் வலை இழுத்துக் காய்ப்பேறிய கை. அவரும் கூட்டாளிகளும் மேலே கப்பிகளில் ஓடும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு மேடையின் இடது ஓரம் நின்றார்கள். புஷ்ரா அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

சாயங்காலம் திரை விலகியது. அரங்கம் முழுக்கப் பிள்ளைகள். நாற்காலியில் உட்காராமல் நாற்காலி மேல் நிற்கிற பிள்ளைகள். தரைக் காட்சி முடிந்து, பாட்டு வந்து, இருட்டில் கருணாகரன் மூச்சிரைக்க ஓடி வந்தார். புஷ்ரா தகடுகளை நுழைத்தாள், வால்களை இழுத்தாள், அவர் முதுகைத் தட்டினாள். தங்கவேலின் ஆட்கள் இழுத்தார்கள்.

தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி பறந்தார்.

அரங்கத்திலிருந்து எழுந்த கூச்சல் மேடைப் பலகைகளில் அதிர்ந்தது. அவர் வெறுமனே தொங்கவில்லை. கையை வீசினார், காலை உதைத்தார், வலையைச் சுழற்றினார், காற்றில் நீந்தினார். அஸ்வின் ஒத்திகையில் இதில் பாதிகூடச் செய்ததில்லை. புஷ்ரா கையைப் பிசைந்துகொண்டு சிரித்தாள். இது தன் கையால் தைத்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலத் தவித்தது.

அப்போதுதான் அவருடைய இடது இடுப்பு கொஞ்சம் இறங்கியிருப்பதைக் கவனித்தாள்.

அவர் காலை உதைத்தார். இன்னும் கொஞ்சம் இறங்கியது. இடது தொடைப் பட்டையின் வால், மாட்டும்போது நீளமாகத் தொங்கியது, இப்போது பாதிகூட இல்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அசையாத பாரத்தைப் பக்கிள் பிடிக்கும். இந்த மனுஷன் ஒவ்வொரு தடவை உதறும்போதும், வழவழப்பான புதுப்பட்டை தகடுகளுக்கு நடுவே ஒரு நெல்லளவு வழுக்குகிறது. வால் முழுக்க உள்ளே போய்விட்டால் அந்தக் கால் விடுபட்டுவிடும். மற்ற பட்டைகள் இருப்பதால் கீழே விழமாட்டார் என்றாலும், ஒரு பக்கமாகக் கவிழ்ந்து, அத்தனை பாரமும் ஒரே தொடையில் இறங்கும்.

தங்கவேலிடம் காதோடு சொன்னாள்.

“இறக்கிடட்டுமாம்மா?” என்றார் அவர்.

இறக்க முடியாது. கருணாகரனுக்குக் கீழே கடல் இருந்தது. நீலத் துணிக்கடியில் படுத்துக்கொண்டு அதை அலையலையாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தப் பாரத்தை அவர்கள் மேல் இறக்குவதா? திரும்ப இழுக்கவும் வழியில்லை. மீன் வாய்வரை போய்த்தான் திரும்பும்படி கப்பி ஓட்டத்தைக் கட்டியிருந்தார்கள். கடலைத் தாண்டினால் அந்தப் பக்கம் மீன்.

மீன் என்றதும் அவள் உடம்பில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. மூங்கிலும் சாக்குத் துணியும் வைத்துக் கட்டிய, லாரி முன்பக்கம் அளவு இருந்த அந்த மீன் தலைக்குள் பலகை போட்டிருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்தால் சபைக்குத் தெரியாது. அங்கே அவர் காலுக்குக் கீழே ஏதாவது வைத்துப் பாரத்தை இறக்கிவிட்டால் பக்கிளைக் கழற்றலாம்.

“மெதுவா ஓட்டுங்கண்ணே. வாய்க்குள்ள போனதும் நான் சொல்றவரைக்கும் கயிறைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, பின்திரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் குனிந்து ஓடினாள். வழியில் விளக்குப் பெட்டி ஒன்று கிடந்தது. இரும்புப் பெட்டி, கனம். அதையும் தூக்கிக்கொண்டாள். அவ்வளவு கனத்தைத் தூக்கினோம் என்பதே மறுநாள் தோள் வலித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

மீனுக்குள் சந்திரிகா இருந்தாள். தாடையை மேலும் கீழும் இழுக்கும் கயிறு அந்தக் கல்லூரிப் பெண்ணிடம். அவர் உள்ளே வந்ததும் வாயை மூடிவிடு, நான் சொன்ன பிறகு திற என்று புஷ்ரா சொன்னாள். ஏன் எதற்கு என்று கேட்காமல் சந்திரிகா தலையாட்டினாள்.

வாய் திறந்தது. வெளிச்சமும் கூச்சலும் உள்ளே கொட்டின. ஆகாயத்தை அடைத்துக்கொண்டு கருணாகரன் வந்தார், ஒரு பக்கம் சாய்ந்து, ஆனாலும் சிரித்த முகமாக. உள்ளே வந்த கணம் பற்கள் பின்னால் மூடிக்கொண்டன. புஷ்ரா அவர் காலைப் பிடித்துப் பெட்டிமேல் வைத்தாள்.

“நில்லுங்க சார். முழு பாரத்தையும் கால்ல போடுங்க.”

அவர் நின்றார். பட்டை தளர்ந்தது. வால் இரண்டு விரல் அளவுதான் மிச்சமிருந்தது.

வெளியே பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. ஒத்திகையில் இரண்டு எண்ணுவதற்குள் மீனவன் வெளியே வந்துவிடுவான். இப்போது வாய் மூடியது மூடியபடியே இருந்தது. ஒரு குழந்தை அழத் தொடங்க, இன்னொன்று “விடு அவர” என்று கத்த, அரங்கமே “விடு, விடு” என்று பிடித்துக்கொண்டது. பாட்டுக்கு வாசிக்க மேடையோரம் உட்கார்ந்திருந்த தவில்காரர் நிலைமையை ஊகித்து, தானாகவே வேகத்தைக் கூட்டினார்.

புஷ்ரா தகட்டைச் சாய்த்து வெளியே எடுத்தாள். பட்டையை வேண்டிய அளவுக்கு உள்ளிருந்து இழுத்து மறுபடி கோத்தாள். விரல்கள் வியர்வையில் வழுக்கின, உடையில் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒரே இழுப்போடு விடவில்லை. இறுக்கிய பிறகு வாலைத் திருப்பி, வந்த வழியிலேயே தகட்டுக்குள் இன்னொரு முறை நுழைத்தாள். அப்படித் திருப்பிப் பூட்டிவிட்டால் பட்டை தன்னைத்தானே அழுத்திக்கொள்ளும். எவ்வளவு உதறினாலும் நகராது. கட்டடத்து ஆட்களுக்குத் தைக்கும்போது இதைச் சொல்லியே அனுப்புவாள். நாடகத்தில் சீக்கிரம் மாட்ட வேண்டுமே என்பதற்காக அவள்தான் அதை விட்டிருந்தாள். வலது தொடைக்கும் அதே மாதிரிச் செய்தாள்.

கருணாகரன் குனிந்து அவள் காதருகில் வந்தார். வலிக்கிறது என்பார் என்று நினைத்தாள்.

“அடுத்த வசனம் மறந்துபோச்சு புஷ்ரா.”

ஒத்திகை முழுக்கப் பார்த்தவள் அவள்.

“‘என் பசி பெரிசா, உன் பசி பெரிசா’ன்னு ஆரம்பிக்கும் சார்.”

“ஆங்” என்றார் அவர், முகம் மலர்ந்து.

இரண்டு வால்களையும் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. இடுக்கு வழியாகத் தங்கவேலுக்குக் கையைக் காட்டினாள். கயிறு விறைத்தது, கருணாகரனின் பாதங்கள் பெட்டியிலிருந்து எழும்பின. நேராக, ஒரு பக்கமும் சாயாமல். சந்திரிகாவிடம் தலையசைத்தாள்.

வாய் பிளந்தது. மீனவன் வெளியே பாய்ந்தான்.

அந்தச் சத்தத்தை புஷ்ரா தன் வாழ்க்கையில் கேட்டதில்லை. பிள்ளைகள் கத்தினார்கள், பெற்றவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள், நீலத் துணிக்கடியிலிருந்த அலைகளே தலையை வெளியே நீட்டிக் கத்தின. கருணாகரன் வலையைச் சுழற்றி, “என் பசி பெரிசா, உன் பசி பெரிசா?” என்று கர்ஜித்தார். மீனுக்குள்ளிருந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்ததில் பலகை முறியப் பார்த்தது.

நாடகம் முடிந்ததும் கருணாகரன் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் வந்தார். மீன் இனிமேல் எல்லா நாளும் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்; அந்தக் காட்சிக்கு அதுதான் உயிர் என்று இப்போதுதான் தெரிந்ததாம். புஷ்ரா தன் பங்குக்கு ஒன்று கேட்டாள். பெல்ட் மாட்டும்போது வாலைத் திருப்பிப் பூட்ட நேரம் வேண்டும். பாட்டில் ஒரு சரணம் கூட்டுங்கள். அவர் அங்கேயே நின்று இரண்டு அடி பாடிக் காட்டினார்.

சபை கலைந்துகொண்டிருந்தது. தங்கவேல் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். அஃப்சருன்னிசா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மேடைப் படிகளில் ஏறி வருவதை புஷ்ரா பார்த்தாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தயாரானாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், பட்டை வழுக்கியது கண்ணில் பட்டிருக்கும்.

பட்டுத்தான் இருந்தது. மீனுக்குள் போய் இறுக்கினாயா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் புஷ்ரா. திருப்பிப் பூட்டினாயா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம். அம்மா பெல்ட்டைக் கையில் வாங்கி, பக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பட்டையை இரண்டு கையாலும் பிடித்து வெட்டி இழுத்தாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, சல்வாரை ஒழுங்குபடுத்திக்கொண்டு, மகளுக்கு முன்னால் இரண்டு கையையும் அகட்டி நின்றாள்.

“எனக்கும் மாட்டு.”

கருணாகரனுக்கு முழுக்க நீட்டியிருந்த பட்டைகளை புஷ்ரா கடைசிவரை உள்ளே இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா சிரிக்கவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தகடு உட்கார்ந்தது. வால் திரும்பிப் பூட்டிக்கொண்டது. தங்கவேல் இன்னா இது என்பதுபோல் பார்த்துவிட்டு, கூட்டாளிகளைக் கூப்பிட்டார்.

அஃப்சருன்னிசா தரையை விட்டு எழும்பினாள். செருப்பு ஒன்று நழுவி மேடையில் விழுந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் கதவருகே திரும்பிப் பார்த்து, பெற்றவர்களின் கையை உதறிவிட்டு ஓடி வந்தார்கள். அவள் முதலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிறகு ஒரு கையை விட்டாள், பிறகு இன்னொன்றையும்.

மேலே விளக்குகளுக்கு நடுவிலிருந்து அவள் குரல் வந்தது.

“தம்பி, இன்னும் கொஞ்சம் மேல தூக்குப்பா.”