ஊசித் தடம்

குளிப்பாட்ட வந்த மைமூன் மாமி, ஆசியா உம்மாளின் மய்யித்தின் வயிற்றைப் பைய அமுக்கினாள். உள்ளே மிச்சமிருப்பது வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீர்ச் செம்போடு தலைமாட்டில் அஃப்ரா, கால்மாட்டில் நிலோஃபர். ஆசியா உம்மாளுக்கு இருந்தது இந்த இரண்டு மகள்கள்தான். மூத்தவள் அஃப்ரா காலையில்தான் ஷார்ஜாவிலிருந்து ஏரலுக்கு வந்து சேர்ந்தாள். தங்கையிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சண்டை, புற்றுநோயா என்று பார்க்கக் கணையத்தில் சதை எடுத்ததில் தொடங்கியது. வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில் முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு, இரைப்பைக்குள்ளிருந்து மெல்லிய ஊசியால் உறிஞ்சினார்கள். ரத்தம்தான் வந்தது. சோதனைக்குச் சதை போதவில்லை. டாக்டர் இரண்டு வழி சொன்னார். மறுபடியும் வாய் வழியே போகலாம். ஊசி போகும் தூரம் குறைவு, நோய் சிந்துகிற பயமும் குறைவு, ஆனால் இந்தத் தடவையும் போதாமல் போகலாம். இல்லையென்றால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றுக்கு மேலிருந்து தடித்த ஊசியை இறக்கலாம். நூல் மாதிரி முழுத் துண்டாக வரும், போகிற வழியில் நோய் ஒட்டுவது அபூர்வம். அஃப்ரா போனில் வாய் வழிதான் என்றாள். வயிற்றில் குத்தினால் பரவிவிடும் என்று வீடியோவில் எவனோ சொல்லியிருந்தான். உம்மாவோ இன்னொரு தடவை குழாயை விழுங்கமாட்டேன் என்றாள். நிலோஃபர் வயிற்று ஊசிக்குக் கையெழுத்துப் போட்டாள். மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகும் உம்மா தேறவில்லை.

மேலே போர்த்தியிருந்த துணி நனைந்து விலகியது. தொப்புளை ஒட்டி ஒரு தழும்பு. அஃப்ரா செம்பைக் கீழே வைத்தாள்.

"பாத்தியளா மாமி, இவ போட்ட ஓட்டைய. இது வழியாத்தான் பரவியிருக்கு."

நிலோஃபரும் பார்த்தாள். ஊசி இறங்கியது விலாவுக்குக் கீழே. அங்கே தோலில் ஒன்றுமே இல்லை. தொப்புள் தழும்பு குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுடையது. நிலோஃபரைப் பெற்றதில் செத்துப் பிழைத்த உம்மா, வாப்பா சவுதியில் இருந்தபோது அவருக்குத் தெரியாமல் செய்துகொண்டது. ஸ்கேன் மேஜையில் நர்ஸ் தழும்பைப் பற்றி விசாரித்தபோதுதான் நிலோஃபருக்கே தெரிந்தது.

"வாப்பா காதுக்குப் போவக் கூடாது, கேட்டியா" என்றாள் உம்மா அன்றைக்கு. ஆண்பிள்ளை இல்லாததை அல்லாஹ்வின் நாட்டம் என்றுதான் வாப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேசேன்ளா. வாய்ல என்ன வச்சிருக்க?"

அஃப்ரா லாத்தாவிடம் சொன்னால் அசர் தொழுகைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். நிலோஃபர் உம்மாவின் பாதத்தைத் துடைத்தாள்.

"கொன்னுட்டு குளிப்பாட்ட வேற வாரியோ. உம்மா மேல இனி ஒன் கை படக் கூடாது. வெளிய போ."

மைமூன் மாமி தழும்பைப் பார்த்தாள். பிறகு நிலோஃபரைப் பார்த்தாள். துணியைத் தொப்புளுக்கு மேலே இழுத்துவிட்டாள். மய்யித்துக்கு முன்னால் சத்தம் போடக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அஃப்ராவைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள்.

நிலோஃபர் வெளியே வந்தாள். வாப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"உள்ள என்னளா சத்தம்?"

"சோப்பு தீந்துட்டு வாப்பா."

அவர் எழுந்தார். குவிந்து கிடந்த செருப்புகளைக் காலால் துழாவினார். ஒன்றுதான் அவருடையது கிடைத்தது. இன்னொரு காலுக்கு யாருடையதையோ மாட்டிக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார்.