ஆள் எடுத்தல், ஆளை எடுத்தல்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும் என்று உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதியதுமே சிக்கல். அதைப் பிழை என்று சொல்ல முடியாது. இலக்கணப்படி சரியாகத்தான் எழுதியிருந்தேன். பேச்சில் விட்டுப்போன ஓர் ‘ஐ’யை எழுத்தில் போட்டேன், அவ்வளவுதான். அந்த ‘ஐ’ ஓர் அம்மாளின் வேலையைத் தின்னப் பார்த்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்களை எப்படி வளர்ப்பது என்று முதலாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் ஒருவருக்கு நான் எழுதிக்கொடுப்பவன். அவர் பேசுவார், நான் எழுதுவேன், அவர் பெயரில் அச்சாகும். ஏணி செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு நூற்று நாற்பது பக்கத்தில் அறிக்கை கொடுத்தோம். அதன் நாற்பத்தொன்றாம் பக்கத்துக்காக அவர் சொன்னது: “சோதனைப் பிரிவுல ஒரு ஆள் எடுக்கணும்.”

நான் எழுதியது: ‘சோதனைப் பிரிவில் ஓர் ஆளை எடுக்க வேண்டும்.’

‘ஒரு’வை ‘ஓர்’ ஆக்கினேன். அதில் யாருக்கும் சேதமில்லை. ‘ஆள்’ என்பதை ‘ஆளை’ ஆக்கினேன். ஆள் எடுப்பது என்றால் புதிதாக ஒருவரைச் சேர்ப்பது. ஆளை எடுப்பது என்றால் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவது. சோதனைப் பிரிவில் இருப்பதே ஒரே ஒருவர்.

(பள்ளிக்கூடத்தில் இதை இரண்டாம் வேற்றுமை என்று சொல்லிக்கொடுத்தார்கள். வேற்றுமை எவ்வளவு பெரியது என்று அப்போது சொல்லவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘காலை வெயில் தொழிற்சாலையின் தகரக் கூரைமேல் —’

வேண்டாம். நான் போனது மதியம். அன்று வெயிலும் இல்லை.

இரண்டாம் முயற்சி: ‘இன்றைய போட்டி மிகுந்த சூழலில், எந்த ஒரு நிறுவனமும் —’

இது என் நடையில்லை, நிபுணரின் நடை. அதாவது அவருக்காக நான் கண்டுபிடித்த நடை. பத்து வருஷமாக இதையே எழுதி எழுதி, போன வருஷம் மனைவிக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்தில் ‘நமது அடுத்தகட்ட இலக்குகள்’ என்று வந்துவிட்டது. அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

என் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவரிடம் “வாயைத் திறங்க” என்று சொல்லிப் பழகியவள். இந்தக் கதையின் ஒவ்வொரு பக்கத்தையும் அவளிடம்தான் முதலில் காட்டுகிறேன். இதுவரை அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “அது சரி, நீங்க எப்ப வாயைத் திறந்தீங்க?”

அதற்கு இன்னும் ஐந்து பகுதி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

3

நிபுணரை, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், எல்லோரும் ‘மூணு விஷயம்’ என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் மூன்று விரலைத் தூக்கி, “மூணு விஷயம் சொல்றேன்” என்று ஆரம்பிப்பார். சில நாள் இரண்டிலேயே தீர்ந்துவிடும். சில நாள் ஐந்து வரும். விரல்கள் மட்டும் மூன்றாகவே நிற்கும்.

இவரைக் கேலிப் பாத்திரமாக எழுதுவது சுலபம். ஏணி செய்கிறவர்களின் இடத்துக்கே போய்ப் பலகையில் ‘வளர்ச்சி ஏணி’ வரைந்தவர். வெல்டிங் செய்பவர் கை தூக்கினார்.

“கேளுங்க, கேளுங்க. கேள்வி கேக்கறவன்தான் வளருவான்.”

“அந்த ஏணி நிக்காது சார். கால் அகலம் பத்தலை.”

மூணு விஷயம் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. துடைத்துவிட்டுக் கால்களை அகட்டி வரைந்தார். “இப்ப?”

“இப்ப நிக்கும் சார். ஆனா கீழ ஒருத்தர் பிடிச்சுக்கணும்.”

“எழுதிக்கோப்பா,” என்றார் என்னிடம். எழுதிக்கொண்டேன். பக்கம் பதினேழு: ‘உயரும் தலைமையைக் கீழிருந்து தாங்கும் கரங்கள் தேவை.’

இவ்வளவோடு நிறுத்தினால் நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் இதையும் சொல்ல வேண்டும். இளமையில் அவர் சீப்பு செய்யும் கம்பெனி ஒன்று நடத்தினார். பதினோரு மாதத்தில் மூடினார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“யாரும் ஒண்ணும் சொல்லலைப்பா. பல்லு நெருக்கமா இருக்கு, முடியைப் பிடுங்குதுன்னு மூடின அன்னைக்குத்தான் வாட்ச்மேன் சொன்னார். ஏன்யா முன்னாடியே சொல்லலைன்னேன். நீங்க கேக்கலையேன்னார்.”

அன்றிலிருந்து, யாரும் கேட்கும் முன்பே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

4

தொழிற்சாலையில் அந்த அம்மாளுக்கு ‘ஏறிப் பாக்குற அக்கா’ என்று பெயர். செய்து முடித்த ஏணி வெளியே போகும் முன் ஒருவர் ஏறி இறங்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அது இவர்.

“நேர்காணல்ல ஒரே கேள்விதான் தம்பி,” என்றார் என்னிடம். “பெரிய முதலாளி எடை மிஷினைக் காட்டி ஏறி நில்லும்மான்னார். முள்ளு சுத்தி வந்து கடைசியில முட்டி நின்னுச்சு. நாளைக்கே வந்துடும்மான்னார். என்னைத் தாங்கின ஏணி யாரையும் தாங்கும்.”

ஏறுவார். உச்சிக்கு இரண்டு படி கீழே நின்று இடமும் வலமுமாக ஒரு தடவை ஆடுவார். அங்கிருந்தே, “யாருப்பா அங்க போன் பாக்கறது?” என்று ஒரு குரல் கொடுப்பார். இறங்குவார். ஒரு நாளைக்கு நாற்பது ஏணி.

இவரை எழுதும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல மனுஷியை யார் நம்புவார்கள்? ஒரு குறையாவது சேர்க்கலாமென்று —

“தம்பின்னு கூப்பிட்டதுமே கவுந்துட்டீங்க,” என்றாள் மனைவி. “அவங்ககிட்ட ஒரு குறையும் இல்லையா?”

இருக்கிறது. அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமல் திறந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, “தினமும் இதேதானா? வீட்ல சண்டையா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். போதுமா?

நிபுணர் காரில் போகும்போது பேசுவதை என் போனில் பதிவு செய்துகொள்வேன். அக்காவைப் பற்றி அவர் சொன்னது அப்படியே இருக்கிறது: “அந்த அம்மா இறங்கும்போது வலது முட்டி டக்குங்குது, கவனிச்சியா? ஒவ்வொரு தடவையும். பாவம்ப்பா. சோதனைப் பிரிவுல ஒரு ஆள் எடுக்கணும். எழுதிக்கோ.”

நூற்று நாற்பது பக்கத்தில் அவர் தன் கண்ணால் பார்த்து, தன் காதால் கேட்டுச் சொன்னது அது ஒன்றுதான். மீதியெல்லாம் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். முட்டியை நான் வெட்டிவிட்டேன். அறிக்கையில் முட்டி வந்தால் கம்பீரம் குறையும் என்று தோன்றியது.

5

சின்ன முதலாளி* என்னைக் கூப்பிட்டார்.

“சார் எழுதினதை நாலு தடவை படிச்சேன். மனசு கேக்கலை. ஆனா அவர் காரணமில்லாம சொல்ல மாட்டாரே. வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பாராட்டு வெச்சு அக்காவை அனுப்பிடலாம்னு இருக்கேன். புதன்லருந்தே ஏற வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்களும் வரணும்.”

“அனுப்பறதா? எங்க?”

“வீட்டுக்குத்தான்.”

(* வயது ஐம்பத்தெட்டு. அப்பா பெரிய முதலாளி, ஆகையால் இவர் சின்ன முதலாளி. பேரன் பிறந்த பிறகும் பதவி உயர்வு கிடைக்கவில்லை.)

போனை வைத்துவிட்டுப் பதிவைப் போட்டுக் கேட்டேன். அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். உடனே நிபுணரைக் கூப்பிட்டேன். இந்த இடம் வரைக்கும் நான் யோக்கியன்தான்.

“சார், அது ‘ஆள் எடுக்கணும்’ சார். நான் ‘ஆளை’ன்னு போட்டுட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

விளக்கினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், “கட்டி முடிச்சு கொடுத்தாச்சா?”

“கெட்டி அட்டை சார்.”

“தங்க எழுத்தா?”

“ஆமா சார்.”

“அப்ப நான் சொன்னது அதுதான்.”

“சார், அந்த அம்மா முட்டி —”

“ஒரு பக்கம் தப்புன்னா மத்த நூத்தி முப்பத்தொன்பது பக்கத்தையும் யாருப்பா நம்புவாங்க?”

அந்த நூற்று முப்பத்தொன்பதையும் எழுதியவன் என்ற முறையில், கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

“மூணு விஷயம்ப்பா,” என்றார். குரல் தழைந்திருந்தது. “ஒரு பொருளைச் சோதிக்கிறோம்னா அதை நம்பலைன்னு அர்த்தம். நம்பாத பொருளை வித்தா வளர்ச்சி வராது. ஆகையால சோதனையே கூடாது. நம்பிக்கைதான் தரம்.” சொல்லச் சொல்ல அவருக்கே அது பிடித்துப்போவது குரலில் தெரிந்தது. ஒரு பிழை மெல்ல எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தத்துவமாக நடந்து போனதை நான் போன் வழியாகக் கேட்டேன்.

கேட்டதோடு விட்டேனா? பழக்க தோஷம், குறித்துக்கொண்டேன்.

6

[இந்தப் பகுதியில் நான் அன்றே தொழிற்சாலைக்குப் போய், எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று, உண்மையைச் சொன்னேன். இரண்டு பக்கம். நன்றாக வந்திருந்தது. மனைவி படித்தாள்.

“இது நடந்துச்சா?”

“கதைதானே.”

“நடந்துச்சான்னு கேட்டேன்.”

கிழித்தாகிவிட்டது.]

7

வெள்ளிக்கிழமை. கட்டி முடித்த ஏணிகளைச் சுவரோரம் சாய்த்து நடுவில் நாற்காலி போட்டிருந்தார்கள். அக்காவுக்குப் பூங்கொத்து. கூடவே ஒரு சுவர்க்கடிகாரம். இனி எங்கும் நேரத்துக்குப் போக வேண்டாதவருக்கு ஏன் எப்போதும் கடிகாரமே கொடுக்கிறார்களோ. அவர் அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஓடுது,” என்றார். அப்புறம் சின்ன முதலாளியைப் பார்த்து, சண்டையில்லாத குரலில், “நான் ஏறாத ஏணியில யாரு தம்பி ஏறுவாங்க?” என்று கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூணு விஷயம் பேசினார். நம்பிக்கைதான் தரம் என்றார். கைதட்டினார்கள். சின்ன முதலாளிக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

“இனிமே நம்ம ஏணியை யாரும் ஏறிப் பாக்க வேண்டியதில்லை. இன்னைக்குக் காலையில முடிஞ்ச பன்னிரண்டடி இது. சாரே முதல்ல ஏறித் தொடங்கி வைக்கணும்!”

குத்தலாகச் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் குத்தத் தெரியாது. திறப்பு விழா மாதிரி நினைத்துவிட்டார்.

ஏணியின் ஒரு காலை நான் பிடித்துக்கொண்டேன். இன்னொரு காலைப் பிடிக்க, யாரும் சொல்லாமலே, அக்கா வந்து நின்றார். நிபுணர் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவதில் வைத்தார். நின்றார். குனிந்தார்.

“அக்கா,” என்றார், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “இது நீங்க பாத்ததுதானே?”

“இல்ல தம்பி,” என்றார் அக்கா, அதே தணிந்த குரலில். “என்னைத்தான் ஏற வேண்டாம்னுட்டாங்களே.”

இங்கே கதை இரண்டாகப் பிரியலாம். அக்கா அதையே சத்தமாகச் சொல்லியிருந்தால் கூட்டம் சிரித்திருக்கும், அவர் வேலை பிழைத்திருக்கும், நிபுணர் அன்றோடு போயிருப்பார். “பாத்ததுதான், ஏறுங்க” என்றிருந்தால் நிபுணரின் தத்துவம் பிழைத்திருக்கும். நான் எழுதுகிறவனாக இரண்டையும் எழுதிப் பார்த்தேன். அக்கா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை.

நிபுணரின் விரல்கள் கம்பியில் வெளுத்திருப்பதைப் பார்த்தார். “இறங்குங்க தம்பி,” என்றார், இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி. “இவ்வளவு நல்ல கோட்டு, எங்கயாவது மாட்டிக் கிழிஞ்சுடப் போவுது.”

அவர் இறங்கினார். அக்கா ஏறினார். இடமும் வலமுமாக ஆடினார். “வெல்டிங்கு! மூணாவது படி ஆடுதுப்பா. கழட்டிப் போட்டுடு.” நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துப் பலர் கைதட்டினார்கள்.

சின்ன முதலாளி தட்டவில்லை. கெட்டி அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எனக்கு ஒண்ணும் புரியலை. சோதிக்கவே வேண்டாம்னு சொன்ன சார் இறங்கிட்டார். அக்கா ஏறிட்டாங்க. படி ஆடுது. நீங்கதானே கூட இருந்து எழுதினீங்க? அந்த வரியை எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவை படிங்க. அதுல இருக்கறபடியே செஞ்சுடறேன்.”

நிபுணர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டவில்லை. படி என்றும் சொல்லவில்லை. ஒருவராவது தன்னிடம் எதையாவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

உள்ளதை உள்ளபடி படிக்கலாம். அல்லது ‘ஐ’யை விழுங்கிவிட்டுப் படிக்கலாம். ஆனால் சின்ன முதலாளி அந்த வரியை நாலு தடவை படித்தவர், உடனே நிறுத்துவார். நிறுத்தினால் அது யார் போட்ட ‘ஐ’ என்று சொல்லியாக வேண்டும்.

“அதைத்தான் கேக்கறேன், வாயைத் திறந்தீங்களா?” என்று மனைவி தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். திறந்தேன். அது வரைக்கும் சத்தியம். அதற்கு மேல் என் வார்த்தையை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆறாம் பகுதியை எழுதியவன் நான். அதனால் புத்தகத்தை உங்கள் கையில் தருகிறேன். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைப்பதா, முன்னால் இணைக்கொம்பு போடுவதா என்பது உங்கள் பாடு. ஒன்று மட்டும்: மனசுக்குள் படித்துக்கொள்ளக் கூடாது. அக்கா இன்னும் இறங்கவில்லை. மேலே இருப்பவருக்குக் கேட்க வேண்டும்.

சோதனைப் பிரிவில் ஓர் ஆள